பல்லைப் பிடுங்குவதா, காப்பாற்றுவதா?

இன்று பல்லைப் பற்றிய பேச்சு. பல் கெட்டுப் போனால் அதைப் பிடுங்குவதா, காப்பாற்றி வைத்துக்கொள்வதா? இதுதான் கேள்வி. கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் நடு இரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைக் கேளுங்கள். அது எவ்வளவு பெரிய கேள்வி என்று சொல்வார்.

மும்பையில் தாராவி என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு பக்கம் சயான் ரயில் நிலையம். மறு பக்கம் மாஹிம் ரயில் நிலையம். நடுவில் தாராவி. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். அங்கே பல வீடுகளில் விடியும் முன்பே இட்லி அவிப்பார்கள். ஆண்கள் அதைச் சைக்கிளில் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டே தெருத்தெருவாக விற்பார்கள்.

அப்படி இட்லி அவிக்கும் ஒரு அக்காவின் கதையைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். இட்லிக்கார அக்கா என்றே சொல்லலாம். இது அவர் ஒருவருடைய கதை மட்டும் இல்லை. பல வீடுகளில் நடப்பதுதான்.

அக்காவுக்கு வயது 38. மாலையில் முதியோர் கல்வி வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவர். முதலில் அவருக்குப் பல் வலி என்று ஒன்றும் இல்லை. கீழ்த்தாடையில் வலது பக்கக் கடைவாய்ப்பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. வலிக்கவில்லை. அதனால் அதை அவர் கவனிக்கவில்லை. பிறகு குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சுரீர் என்றது. இனிப்பான டீ பட்டாலும் சுரீர் என்றது. அக்கா இடது பக்கமாக மெல்லத் தொடங்கினார். அவ்வளவுதான் அவர் செய்த வைத்தியம்.

ஆறு மாதம் போயிற்று. ஒரு நாள் இரவு வலி வந்தது. படுத்தால் வலி கூடியது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைந்தது. காது வரை குத்தியது. கிராம்பை வைத்துக் கடித்தார். கொஞ்சம் மரத்தது. பக்கத்து வீட்டு மயினி மிஷ்ரி கொடுத்தார். மிஷ்ரி என்பது வறுத்துப் பொடி செய்த புகையிலை. மராட்டியப் பெண்கள் பலர் அதைப் பல்லில் தேய்ப்பார்கள். அதையும் தேய்த்துப் பார்த்தார். மெடிக்கல் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கினார். பத்து நாள் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிட்டது.

"பல்லு சரியாப் போச்சு மயினி" என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னார்.

பல் சரியாகிவிட்டதா? இல்லை. பல் செத்துவிட்டது. அதனால்தான் வலி நின்றது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்க்கு வெளியே ஓடு. ஓட்டுக்கு உள்ளே பருப்பு. பருப்புக்கு நடுவே தண்ணீர். பல்லும் இப்படி மூன்று அடுக்குதான். வெளியே வெள்ளையாகத் தெரிவது ஓடு. அது எலும்பை விடக் கெட்டியானது. அதில் உணர்ச்சி கிடையாது. அதற்கு உள்ளே சற்று மஞ்சளான அடுக்கு. அதுதான் பருப்பு மாதிரி. அதில் சொத்தை இறங்கினால் கூச்சம் வரும். நடுவில் ஒரு சிறு பொந்து. அங்கே ரத்தக் குழாயும் நரம்பும் இருக்கின்றன. அதுதான் பல்லின் உயிர். சொத்தை அங்கே தொட்டால் ராத்திரித் தூக்கம் போய்விடும். அந்த உயிர் அழுகிச் செத்தால் வலி நிற்கும். ஆனால் அழுகல் நிற்காது. வேர் வழியாகக் கீழே இறங்கும். தாடை எலும்பில் சீழ் கட்டும்.

சொத்தையை உண்டாக்குவது பூச்சி என்று பலர் நினைக்கிறார்கள். விதையைப் புகைய வைத்துப் பல் பூச்சி எடுப்பவர்களும் இருந்தார்கள். பல்லுக்குள் பூச்சியோ புழுவோ கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் உண்டு. நாம் சாப்பிடும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் அவையும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டுவிட்டுப் புளித்த நீரைக் கக்குகின்றன. அந்தப் புளிப்புதான் பல்லை அரிக்கிறது.

அக்காவுக்கு மூன்று மாதம் சுகமாகப் போனது. ஒரு நாள் காலை எழுந்தார். வலது கன்னம் வீங்கியிருந்தது. கண்ணாடியில் பார்த்தார். முகம் அவருடைய முகமாகவே இல்லை.

அவருடைய கணவர் இட்லி விற்றுவிட்டு வந்தார். பார்த்ததும் சொன்னார்: "ஏட்டி, பிடுங்கிப் போட்டுரு. ஒரு நாளோட சனியன் விட்டுச்சு."

மயினியும் அதையே சொன்னார். அவர் ஏற்கெனவே நான்கு பல்லை எடுத்தவர். சாலையோரத்தில் உட்கார்ந்து பல் பிடுங்குகிற ஓர் ஆளையும் சொன்னார். செலவு குறைவு, வரிசையில் நிற்க வேண்டாம் என்றார்.

நல்ல வேளை, அக்கா அங்கே போகவில்லை. நம் நாட்டில் 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. படித்துப் பதிவு செய்தவர்தான் பல் வைத்தியம் செய்யலாம் என்று அது சொன்னது. 2023-இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. அதிலும் பதிவு கட்டாயம்தான். சட்டத்தை விடுங்கள். ஒருவர் வாயில் வைத்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அடுத்தவர் வாயில் வைத்தால் என்ன ஆகும்? மஞ்சள் காமாலைக் கிருமி வரலாம். எய்ட்ஸ் கிருமியும் வரலாம். ஒரு பல்லுக்காக இந்த ஆபத்தை யாராவது வாங்குவார்களா?

மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் மருத்துவமனை இருக்கிறது. அதோடு ஒரு பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. மாஹிமில் ரயில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். பெரிய ஊர்கள் பலவற்றில் இப்படிப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே வெளியே ஆவதை விடச் செலவு குறைவு. படிக்கும் மாணவர்கள் கை வைப்பார்கள். பயப்பட வேண்டாம். பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

இந்த இடத்தில் ஒரு சுவையான செய்தி. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920-இல் கல்கத்தாவில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஆர். அகமது. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். கல்லூரி நடத்தப் பணம் வேண்டுமே! அதற்காக அவர் சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கும் கடை ஒன்றை வைத்தார். இனிப்பு விற்ற காசில் பல் வைத்தியம் வளர்ந்தது. அந்தக் கல்லூரி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

அக்காவின் கதைக்கு வருவோம்.

அன்று காலை சயானில் இருந்து அக்கா தன் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு மாநகராட்சியின் பல் மருத்துவமனைக்குப் போனார். கேஸ் பேப்பர் எடுத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு இளம் பெண் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"மாவ்ஷி, ரெண்டு பல் கெட்டிருக்கு" என்றார் அவர். மாவ்ஷி என்றால் மராட்டியில் சித்தி.

"ரெண்டையும் எடுத்துருங்க டாக்டர்" என்றார் அக்கா. இருபது வருடம் மும்பையில் இருந்தவர். இந்தி நன்றாகவே பேசுவார்.

டாக்டர் சிரித்தார். "மாவ்ஷி, உங்களுக்கு வலி போகணுமா, பல் போகணுமா?"

அக்கா வாயடைத்துப் போனார். அதுவரை அவர் இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேல் தாடையில் கடைசிப் பல். அது ஞானப்பல். வயது வந்த பிறகு முளைப்பது. அது ஈறு மட்டத்துக்கு உடைந்து கிடந்தது. அக்காவுக்கே அது தெரியாது. அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் தேவையில்லை என்றார் டாக்டர். அந்தப் பல் இல்லாமலே மெல்லலாம்.

ஆனால் கீழ்ப்பல் வேறு. உள்ளே செத்திருந்தாலும் அதன் சுவர் நான்கு பக்கமும் மிச்சம் இருந்தது. வேர் உறுதியாக இருந்தது. ஆடவில்லை. அதை வைத்துக்கொள்ளலாம். அதற்கு ரூட் கேனால் என்ற வைத்தியம் செய்ய வேண்டும். மூன்று தடவை வர வேண்டும். பிறகு மேலே கேப் போட வேண்டும்.

அன்று அவர் வீக்கத்துக்கு மட்டும் வைத்தியம் செய்தார். பல்லைத் திறந்து சீழை வெளியே விட்டார். அப்பாடா என்று இருந்தது அக்காவுக்கு. மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "இது வைத்தியம் முடிஞ்சது இல்ல. வீக்கம் வத்தினதும் வீட்லயே இருந்துராதீங்க. யோசிச்சு அடுத்த வாரம் வாங்க."

ஏன் அப்படிச் சொன்னார்? மாத்திரை ரத்தத்தோடு போய்த்தான் வேலை செய்யும். செத்த பல்லுக்குள் ரத்தம் ஓடுவதில்லை. பிறகு மாத்திரை எப்படி அங்கே போய்ச் சேரும்? வீக்கம் வற்றும். அழுகல் உள்ளேயே இருக்கும். சில மாதத்தில் மறுபடி வீங்கும். மாத்திரையை மட்டும் வாங்கி வாங்கி விழுங்குகிறவர்கள் இதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல் வீக்கம் எல்லாம் சின்ன வீக்கம் இல்லை. வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, தாடைக்கு அடியில் கழுத்து வரை வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பல் சீழால் உயிர் போனதும் உண்டு. வீங்கின கன்னத்தில் சூட்டு ஒத்தடமும் வைக்காதீர்கள்.

அக்கா வீட்டுக்கு வந்தார். யோசித்தார். யோசிக்க நிறைய இருந்தது.

அரிசி டின்னில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அதில் கொஞ்சம் பணம். ஊரில் அம்மன் கோயில் கொடை வருகிறது. நான்கு வருடமாக ஊருக்குப் போகவில்லை. கணவன், மனைவி, பிள்ளை என்று மூன்று பேரும் போய் வரச் சேர்த்த பணம் அது. பல்லுக்குக் கேப் போட்டால் அதில் பெரும் பங்கு போய்விடும்.

"ஒரு பல்லுக்காகவா கொடையை விடுவாங்க?" என்று கணவர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

அக்கா பதில் சொல்லவில்லை. முதியோர் கல்வி நோட்டை எடுத்தார். பென்சிலை எடுத்தார். டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதினார். மெதுவாகத்தான் எழுதினார். எழுத்து கோணலாகத்தான் இருந்தது. ஆனால் இப்படி எழுதினார்:

இந்தப் பல் எவ்வளவு மிச்சம் இருக்கு? தாங்குமா?
எத்தனை நாள் வரணும்?
கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு?
எடுத்துட்டா அந்த இடம் என்ன ஆகும்?
ஒண்ணும் செய்யாம விட்டா என்ன ஆகும்?

டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பாதிக் கேள்வி மறந்துபோகும். வெளியே வரிசை நிற்கும். டாக்டருக்கும் அவசரம். நோட்டில் இருந்தால் மறக்காது. அடுத்த வாரம் அக்கா நோட்டைப் பார்த்துப் பார்த்து இந்தியில் கேட்டார். டாக்டரும் சலிக்காமல் சொன்னார்.

நான்காவது கேள்விக்குத்தான் அக்கா எதிர்பாராத பதில் வந்தது. எடுத்துவிட்டால் அந்த இடம் என்ன ஆகும்? புண் ஆறிவிடும். ஆனால் பற்கள் சும்மா இருக்காது. பக்கத்துப் பல் காலி இடத்துப் பக்கம் சாயும். மேலே அதற்கு நேராக இருக்கும் பல் கீழே இறங்கும். சாய்ந்த பல் இடுக்கில் சோறு சிக்கும். அங்கே அடுத்த சொத்தை. பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பும் தேயும். பற்கள் சாய்வதைத் தடுக்க வேண்டுமானால் செயற்கைப் பல் கட்ட வேண்டும். கழற்றி மாட்டும் பல் இருக்கிறது. அது செலவு குறைவு. இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி அதன் மேல் பாலம் மாதிரி கட்டுவது இருக்கிறது. எலும்பில் திருகு இறக்கிப் பல் வைப்பதும் இருக்கிறது. அதற்குச் செலவு மிக அதிகம். ஆக, பிடுங்குவதற்கு ஆகும் காசை மட்டும் பார்த்து, அது மலிவு என்று சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு ஆகும் காசையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு மயினியின் நினைவு வந்தது. நான்கு பல் எடுத்த மயினி. பல் கட்டவில்லை. ஐந்து வருடமாகக் கறியை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தட்டில் போடுகிறவர். சோற்றைக் குழம்பில் ஊற வைத்துத்தான் விழுங்குவார்.

கீழ்க் கடைவாய்ப்பல் எப்போது முளைத்தது தெரியுமா? ஆறு வயதில். பால் பல் எதுவும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் புதிதாக முளைக்கும். பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைப்பார்கள். விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுவார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. அக்காவின் பல் 32 வருடமாக அவரோடு இருந்த பல்.

சரி, அப்படியானால் எல்லாப் பல்லையும் காப்பாற்றித்தான் ஆக வேண்டுமா? இல்லை. வேர் வரை பிளந்த பல்லைக் காப்பாற்ற முடியாது. ஈறு கரைந்து, எலும்பு தேய்ந்து, கையால் தொட்டால் ஆடும் பல்லில் ரூட் கேனால் செய்வது ஆடும் தூணுக்கு வெள்ளை அடிப்பது போல. கேப் போட மேலே சுவரே மிச்சம் இல்லாத பல்லும் அப்படித்தான். இவற்றை எடுப்பதே நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பேசப் பலர் கூச்சப்படுகிறார்கள். பணம் இல்லை, திரும்பத் திரும்ப வர முடியாது என்பதே அந்தக் காரணம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரூட் கேனாலைத் தொடங்கிப் பாதியில் விட்டால் கிருமி மறுபடி உள்ளே போகும். செய்த செலவும் போகும், பல்லும் போகும். பாதியில் விடுவதைவிட முதலிலேயே எடுத்துவிடுவது மேல்.

அக்காவின் தெருவில் பால் ஊற்றும் அண்ணாச்சி ஒருவர் அப்படித்தான் செய்தார். அவர் ரூட் கேனாலை ஒழுங்காக முடித்தார். கேப் மட்டும் போடவில்லை. "வலிதான் இல்லையே, அது எதுக்கு தண்டச் செலவு?" என்றார். ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பைக் கடித்தார். பல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. பிடுங்க வேண்டியதாயிற்று. உள்ளே குடைந்து சுத்தம் செய்த கடைவாய்ப்பல் பலம் குறைந்தது. மூடி இல்லாமல் எலும்பைக் கடிக்க அதனால் முடியாது.

அண்ணாச்சி கதை அக்காவின் கணவருக்கும் தெரியும். அன்று இரவு அவர் பேசவில்லை. மறுநாள் மாவு ஆட்டும்போது அவரே சொன்னார்: "செய்யறதா இருந்தா முழுசாச் செய். கொடைக்கு நான் மட்டும் போய்ட்டு வாரேன். நீயும் பிள்ளையும் அடுத்த வருஷம் வாங்க."

அக்காவுக்கு அழுகை வந்தது. ஊரை நினைத்துத்தான். ஆனாலும் சரி என்றார்.

முதலில் மேலே இருந்த ஞானப்பல்லை எடுத்தார்கள். அதற்குள் ஊரில் இருந்து மாமியார் போனில் சத்தம் போட்டார். "மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு பார்வை போயிரும்!" இந்தப் பயம் நாடு முழுவதும் இருக்கிறது. இது உண்மை இல்லை. பார்வை நரம்பு கண்ணுக்குப் பின்னால் இருந்து நேராக மூளைக்குப் போகிறது. பல் நரம்பு வேறு. மேல் பல் வலித்தால் கண் ஓரமும் நெற்றிப் பொட்டும் சேர்ந்து வலிக்கும். அதனால் வந்த பயம் இது. அக்கா பல் எடுத்த பிறகும் அரிசியில் கல் பொறுக்குகிறார்.

பல் எடுக்கப் போகும்போது வெறும் வயிற்றோடு போகக் கூடாது. சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இதய நோய் இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்குப் பல் வைத்தியமே கூடாது என்பது தவறு. சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

அக்காவுக்கு மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஊசி குத்தியதுதான் வலி. பிறகு பல்லை அசைப்பது தெரிந்தது, வலிக்கவில்லை. பஞ்சை வைத்து முக்கால் மணி நேரம் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வழியில் எச்சில் துப்பக் கூடாது என்றார்கள். துப்பினால் குழியில் உறைந்த ரத்தம் பிய்ந்து வந்துவிடும். அந்த ரத்தக் கட்டிதான் புண்ணுக்கு மூடி. அன்று முழுவதும் வாய் கொப்பளிக்கக் கூடாது. சூடாக எதுவும் கூடாது. பீடி, சிகரெட், மிஷ்ரி கூடவே கூடாது. மறுநாள் முதல் இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். நாள் ஆக ஆக வலி குறைய வேண்டும். மூன்றாம் நாள் வலி கூடினால், அல்லது ரத்தம் நிற்காமல் கசிந்தால், திரும்பப் போய்க் காட்ட வேண்டும். அக்காவுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அதிகாலை வழக்கம்போல் இட்லி அவித்தார்.

பிறகு கீழ்ப்பல். பல்லில் மேலிருந்து ஒரு சிறு வழி திறந்தார்கள். அந்தப் பல்லுக்கு இரண்டு வேர். வேருக்குள் நூல் மாதிரி மூன்று நான்கு வழிகள் இருக்கும். மெல்லிய கம்பிகளை விட்டு ஒவ்வொரு வழியாகச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். நடுவில் எக்ஸ்ரே எடுத்து ஆழம் பார்த்தார்கள். இதற்கு நேரம் பிடித்தது. வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடை கடுத்தது. அக்காவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் தடவை மறுபடி கழுவினார்கள். மூன்றாம் தடவை சுத்தமான வழிகளை ரப்பர் போன்ற ஒரு பொருளால் அடைத்தார்கள். அது ஒரு மரத்தின் பாலில் இருந்து செய்வது. அதன் மேல் சிமென்ட் வைத்து மூடினார்கள். சீழ் இல்லாத பல்லாக இருந்தால் சில நேரம் ஒரே தடவையில் முடிப்பதும் உண்டு.

"இனி இந்தப் பல் சாகிற வரைக்கும் இருக்குமா?" என்று அக்கா கேட்டார்.

"நூத்துக்கு நூறுன்னு யாரும் எழுதித் தர முடியாது மாவ்ஷி" என்றார் டாக்டர். "நல்லாச் செஞ்சிருக்கு. கேப் போடுங்க. ராத்திரி பல் தேய்ங்க. மிஷ்ரியை விடுங்க. பல வருஷம் இருக்கும்."

ராத்திரி பல் தேய்ப்பது என்பது அக்காவுக்குப் புதிது. காலையில் மட்டும்தான் தேய்ப்பது வழக்கம். ஆனால் இரவில்தான் வாயில் எச்சில் குறைவு. கிருமிக்கு அதுவே நல்ல நேரம். பற்பசை வாங்கும்போது அதில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று அட்டையில் பார்த்து வாங்கலாம். அது பல்லின் ஓட்டைக் கெட்டியாக்கும். மிஷ்ரியும் குட்காவும் ஈறைக் கெடுக்கும். வாய்ப் புற்றுநோயையும் கொண்டுவரும்.

மும்பை மாதிரி பெரிய ஊரில்தான் இதெல்லாம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2014-இல் மத்திய அரசு தேசிய வாய் நலத் திட்டத்தைத் தொடங்கியது. மாவட்ட மருத்துவமனையிலும் அதற்குக் கீழே உள்ள மருத்துவமனைகளிலும் பல் பிரிவை வளர்க்க அது உதவுகிறது. பக்கத்து அரசு மருத்துவமனையில் பல் டாக்டர் என்றைக்கு வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள். கேட்க ஒரு பைசா செலவு இல்லை.

கணவர் கொடைக்குப் போய் வந்தார். அக்காவுக்குக் கருப்பட்டி மிட்டாயும் முறுக்கும் வாங்கி வந்தார். அதற்கு முந்தின வாரம்தான் கேப் போட்டிருந்தார்கள். அக்கா முறுக்கை எடுத்தார். பழக்கத்தில் இடது பக்கமே வைத்தார். பிறகு நினைவு வந்து வலது பக்கம் மாற்றினார். மெல்லக் கடித்தார். நறுக் என்றது. பயந்து கண்ணை மூடினார். பல்லுக்கு ஒன்றும் இல்லை. உடைந்தது முறுக்குதான்.

வாசலில் மயினி நின்றுகொண்டிருந்தார். மயினிக்கு முறுக்கை நொறுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

"எனக்கும் ஒரு பல்லு கூசுது" என்றார் மயினி. "குளுந்த தண்ணி பட்டா மட்டும்தான். வலி ஒண்ணும் இல்ல."

அக்கா முறுக்கைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா மயினி?" என்று கேட்டுக்கொண்டே நோட்டை எடுத்தார். கேள்வி எழுதிய தாளைக் கிழித்துக் கொடுத்தார். "நாளைக்கு இட்லி வேலை முடிஞ்சதும் ரெண்டு பேருமாப் போவோம். சாப்பிட்டுட்டு வாங்க."